தூங்குகிறாரா, மூச்சு குறைகிறதா? வீட்டில் இருப்பவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளும் முறை

மூச்சு வாங்கினால் வீடே பதறிவிடும். ஒருத்தர் ஜன்னலைத் திறப்பார், ஒருத்தர் முதுகைத் தடவுவார், இன்னொருத்தர் கார் சாவியைத் தேடுவார். மூச்சு குறைந்தால் மட்டும் யாரும் அசைய மாட்டார்கள். "நல்லா தூங்குறாரு, எழுப்பாதீங்க" என்று விளக்கை அணைத்துவிட்டுப் போவார்கள். பினாங்கில் வார்டு தாதியாக வேலை பார்த்த காலம் முழுக்க நான் அதிகம் பயந்தது இந்த இரண்டாவது வகைக்குத்தான். வேகமான மூச்சு உதவி கேட்டுச் சத்தம் போடும். மெதுவான மூச்சு சத்தமே போடாமல் ஆளைக் கொண்டுபோய்விடும்.

இப்போது ஜெலுத்தோங்கில் ஃபிளேட்டில் இருக்கிறேன். வேலையை விட்ட பிறகும் எல்லாருக்கும் நான் மிஸ்ஸிதான். கதவைத் தட்டிக் கேட்கிறவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்று முதலில். இதைப் படிக்கும் இந்த நேரத்திலேயே உங்கள் முன்னால் ஒருவர் எழுப்பினால் எழாமல், மூச்சும் சரியில்லாமல் கிடக்கிறார் என்றால் மேலே படிக்க வேண்டாம். 999-ஐ அழையுங்கள். கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு அவர் பக்கத்தில் தரையில் வையுங்கள், உங்கள் இரண்டு கையும் உதவி செய்யக் காலியாக இருக்க வேண்டும். மற்றவர்கள் தொடரலாம்.

எண்ணிப் பழகுங்கள்

பெரியவர்கள் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார்கள். நெஞ்சோ வயிறோ ஒரு தடவை ஏறி இறங்கினால் அது ஒன்று. 10-க்குக் கீழே போனால் ஆளை எழுப்பிப் பார்க்க வேண்டும். 8 அல்லது அதற்கும் குறைவு, கூடவே ஆளும் சரியாக எழவில்லை என்றால் அது அவசரம், காலைவரை பொறுத்துப் பார்க்கும் விஷயம் இல்லை. குழந்தைகளின் கணக்கு வேறு. பிறந்த குழந்தைக்கு 30 முதல் 60 வரை இயல்பு. அதனால் பெரியவருக்குச் சாதாரணமான 16 என்ற எண் கைக்குழந்தைக்கு ஆபத்தான எண்.

எண்ணப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எண்ணாதீர்கள். சொன்ன உடனே மூச்சு மாறிவிடும். தாதிகள் நாங்கள் நாடி பார்ப்பதாகக் காட்டி மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வோம், கண் மட்டும் நெஞ்சின் மேல் இருக்கும். முழுதாக 60 வினாடி எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குகிற குறுக்குவழி மெதுவான மூச்சுக்கு ஆகாது. ஒரே ஒரு மூச்சு தவறினால் கணக்கில் நாலு கூடிவிடும், இல்லை குறைந்துவிடும். அதோடு, நடுவில் விழும் இடைவெளியும் கண்ணில் படாமல் போய்விடும். அந்த இடைவெளிதான் முக்கியம்.

இரவில் பார்க்க வேண்டியிருந்தால் போர்வையை விலக்கி, கைப்பேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். சட்டை மடிப்பின் நிழல் அசைவது தெரியும். அதுவும் தெரியவில்லை என்றால் விலா எலும்பு முடியும் இடத்தில், மேல்வயிற்றில், உள்ளங்கையை லேசாக வையுங்கள். மூக்கருகே பஞ்சு வைத்துப் பார்க்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். நம் வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டேதான் இருக்கும், பஞ்சு அந்தக் காற்றுக்கும் ஆடும்.

நிறமும் பார்க்க வேண்டும். "நீலமாகிவிடும்" என்று படித்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் நம் தோலில் ஒன்றும் தெரியாது. கீழுதட்டை இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள், நாக்கைப் பாருங்கள், நகத்தின் அடியைப் பாருங்கள். அங்கே சாம்பலோ ஊதாவோ ஏறியிருந்தால் உடம்பில் ஆக்சிஜன் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

கோவிட் சமயத்தில் வாங்கிய, விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் ஆக்சிமீட்டர் பல வீட்டு மேசை டிராயரில் இன்னும் கிடக்கிறது. நல்ல கருவிதான், 95-க்கு மேல் காட்டினால் பொதுவாக நிம்மதி. ஆனால் கருத்த தோலில் அது உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். நகப்பூச்சு இருந்தாலும், கை சில்லிட்டிருந்தாலும் தடுமாறும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும் நோயாளிக்கு மூச்சு நிமிடத்துக்கு 6-க்கு இறங்கினால்கூட அந்தக் கருவி கொஞ்ச நேரம் 97 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அது ஆக்சிஜனை மட்டும் அளக்கிறது, ரத்தத்தில் தேங்கும் கரியமில வாயுவை அளப்பதில்லை. கருவி நல்ல எண்ணைக் காட்டினாலும் நெஞ்சை எண்ணுங்கள்.

மூச்சு எங்கே தடைபடுகிறது

நம்மை மூச்சு விட வைப்பது ஆக்சிஜன் குறைவு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ரத்தத்தில் கரியமில வாயு சேரச் சேர, மூளையின் அடியில் பின்கழுத்துக்கு மேலே இருக்கும் முகுளம் அதை உணர்ந்து "இழு" என்று கட்டளை கொடுக்கும். கட்டளை கழுத்துத் தண்டுவடத்தில் 3, 4, 5-ஆம் நரம்புகள் வழியாக இறங்கி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்துக்கு வரும். அது சுருங்கினால் காற்று உள்ளே வரும். தூங்கும்போதும் இந்த வேலை நிற்காது.

அதனால் மூச்சு குறைந்தால் நான் வரிசையாகக் கேட்டுக்கொள்வேன். கட்டளை வரவில்லையா? வந்த கட்டளை தசைக்குப் போய்ச் சேரவில்லையா? தசை களைத்துவிட்டதா? எல்லாம் சரியாக இருந்து தொண்டையில் வழி அடைத்திருக்கிறதா? இல்லை, இதயமே நின்றுவிட்டதா? இந்த வரிசை மனதில் இருந்தால் பதற்றத்திலும் எங்கே பார்ப்பது என்று தெரியும்.

மருந்தால் மங்கும் மூச்சு

வீட்டில் நான் அதிகம் பார்த்தது இதுதான், நேரத்தோடு பார்த்தால் தடுக்கக்கூடியதும் இதுதான். மோர்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், டிராமடோல், கோடீன், டிஎஃப் 118 என்று நாம் சொல்லும் டைஹைட்ரோகோடீன், தெருவில் விற்கும் ஹெரோயின் எல்லாம் ஒரே குடும்பம். வலியை அடக்கும் அதே கையோடு முகுளத்தையும் மந்தமாக்கும். கரியமில வாயு ஏறினாலும் முகுளம் கண்டுகொள்ளாது. தூக்க மாத்திரை, பதற்றத்துக்குக் கொடுக்கும் டயஸெபாம் வகை, மது, தூக்கம் வரவைக்கும் சளி மருந்து எல்லாம் தனித்தனியாகவும் மந்தமாக்கும். சேர்ந்தால் ஒன்றும் ஒன்றும் இரண்டோடு நிற்காது. கெத்தும் என்ற போதை இலைத் தண்ணீரில் இருமல் மருந்தைக் கலந்து குடிக்கும் பையன்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்க மாட்டார்கள், அதனால் அவர்கள் அம்மாக்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் பிளாக்கில் நடந்த ஒன்று. சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவர். முழங்கால் வலி தாங்காமல், உறவுக்காரர் முதுகுவலிக்கு வாங்கி வைத்திருந்த டிஎஃப் 118-ஐ வாங்கிப் போட்டிருக்கிறார். இரவு மருமகள் வந்து, "மிஸ்ஸி, மாமா குறட்டை விட்டுத் தூங்குறாரு, ஆனா சத்தம் ஒரு மாதிரி இருக்கு" என்றாள். போய் வயிற்றில் கை வைத்து எண்ணினேன், நிமிடத்துக்கு ஆறு. இமையைத் தூக்கி வெளிச்சம் காட்டினால் கண்மணி குண்டூசித் தலை அளவில் இருந்தது. தோளை அழுத்தி, "அண்ணே, மூச்சு இழுங்கண்ணே" என்றதும் இழுத்தார். நான் சொல்லாமல் விட்டால் அவரும் விட்டுவிட்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை இதே வேலைதான். ஒவ்வொரு தடவையும் சொல்வது, அவர் இழுப்பது. பிழைத்து வந்து, அடுத்த தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போனார்.

அந்தச் சம்பவத்தில் இருக்கும் மூன்று அடையாளத்தையும் மனதில் வையுங்கள்: எழுப்ப முடியாத மயக்கம், குறைந்த மூச்சு, ஊசித்துளைக் கண்மணி. மூன்றும் சேர்ந்தால் இந்தக் குடும்பத்து மருந்துதான் என்று கிட்டத்தட்ட சொல்லிவிடலாம். சொன்னால் மூச்சு இழுப்பதும், சொல்லாவிட்டால் மறந்துவிடுவதும் இந்த மயக்கத்தில் வருகிற ஒன்று. அதனால் ஆளைத் தனியாக விட்டுவிட்டு வாசலில் போய் ஆம்புலன்ஸை எதிர்பார்த்து நிற்காதீர்கள். பக்கத்திலேயே இருந்து பேசிக்கொண்டே இருங்கள், எண்ணிக்கொண்டே இருங்கள்.

சிறுநீரகத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் ஆட்களில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு, சர்க்கரை முற்றினால் அடுத்துப் போவது சிறுநீரகம். மோர்ஃபின், டைஹைட்ரோகோடீன் போன்றவை உடைந்து சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் நேற்றுப் போட்ட மாத்திரை இன்றைய மாத்திரையோடு சேர்ந்துகொள்ளும். ஒருவருக்கு ஒத்துக்கொண்ட அதே அளவு இன்னொருவரை மூச்சு நிற்கும்வரை கொண்டுபோகும். நரம்பு வலிக்குக் கொடுக்கும் கபாபென்டின், பிரிகபாலினுக்கும் இதே எச்சரிக்கைதான். வலி மாத்திரையைக் கைமாற்றாதீர்கள். பாசத்தில் செய்கிறோம் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் செய்யாதீர்கள்.

ஃபென்டனில் பட்டை ஒட்டியிருப்பவருக்கு அதன் மேல் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது. சூட்டில் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். புதுப் பட்டை ஒட்டும்போது பழையதை எடுத்துவிட்டீர்களா என்று முதுகையும் பாருங்கள். கழற்றிய பட்டையிலும் மருந்து மிச்சம் இருக்கும், ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். கோடீன் கலந்த மருந்தை 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. சில பிள்ளைகளின் உடம்பு அதை மிக வேகமாக மோர்ஃபினாக மாற்றிவிடும், எந்தப் பிள்ளை என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

மெத்தடோன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 2005-இலிருந்து அரசாங்கமே கொடுக்கும் சிகிச்சை அது, எத்தனையோ பேரை வேலைக்கும் குடும்பத்துக்கும் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது. வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பும் அந்தத் திரவம் பார்க்கச் சர்பத் மாதிரி இருக்கும். பூட்டி வையுங்கள். சின்னப் பிள்ளை கொஞ்சம் குடித்தாலும் சில மணி நேரம் கழித்துத் தூக்கத்தில் மூச்சு நின்றுவிடலாம்.

இன்னொன்று, சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ திரும்பி வரும் பிள்ளைகள். உள்ளே இருந்த காலத்தில் உடம்பு மருந்தை மறந்துவிடும். வெளியே வந்து பழைய அளவிலேயே ஒரு தடவை எடுத்தால் அந்த ஒரு தடவையே போதும். வந்த முதல் சில வாரங்கள்தான் மிகவும் மோசம். அந்த நாட்களில் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு தூங்க விடாதீர்கள். மூச்சு குறைந்து கிடந்தால் போலீஸ் வருமே என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள், 999-ஐக் கூப்பிடுங்கள், என்ன எடுத்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நலோக்சோன் என்ற மருந்து போட்டால் சில நிமிடத்தில் மூச்சு திரும்பும். ஆனால் அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரைதான், மெத்தடோன் ஒரு நாளுக்கும் மேல் உடம்பில் நிற்கும். எழுந்து உட்கார்ந்து "நான் வீட்டுக்குப் போறேன்" என்பவர் மறுபடி சாயலாம். டாக்டர் போகச் சொல்லும்வரை மருத்துவமனையிலேயே இருக்கட்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, புற்றுநோய் வலியில் இருக்கும் உங்கள் அம்மாவின் மோர்ஃபினை நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் வலியைப் பார்த்து அளந்து கூட்டிக் கொடுக்கும் மோர்ஃபின் பொதுவாக மூச்சை நிறுத்துவதில்லை. கடைசி நாட்களில் மூச்சு தானாகவே மாறும். கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகி, மறுபடி சிறுத்து, நின்று, திரும்பத் தொடங்கும். இதற்கு செயின்–ஸ்டோக்ஸ் மூச்சு என்று பெயர். 1818-இல் ஜோன் செயினும் 1854-இல் வில்லியம் ஸ்டோக்ஸும் என்று இரண்டு டாக்டர்கள் இதை எழுதி வைத்தார்கள். இதய பலவீனத்திலும், பக்கவாதத்துக்குப் பிறகும்கூட வரும். வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது என்று டாக்டரோடு பேசி முடிவெடுத்த நோயாளி என்றால், அப்போது அழைக்க வேண்டியது, கடைசிக்கால நோயாளிகளைக் கவனிக்கும் ஹொஸ்பிஸ் தாதியை. அந்த எண்ணை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

குறட்டைக்குள் இருக்கும் இடைவெளி

ஒவ்வொரு இரவும் மூச்சு நின்று நின்று வருகிறவர்களும் உண்டு, காலையில் அவர்களுக்கே தெரியாது. பெரிய குறட்டை, திடீரென்று அமைதி. நெஞ்சும் வயிறும் இழுத்துக்கொண்டுதான் இருக்கும், காற்று மட்டும் போகாது. அப்புறம் ஒரு திணறல், மறுபடி குறட்டை. இங்கே கட்டளையில் குறை இல்லை. தூக்கத்தில் நாக்கும் தொண்டைத் தசையும் தளர்ந்து வழியை மூடிவிடுகின்றன. 10 வினாடிக்கு மேல் நின்றால் அது கணக்கில் வரும். மணிக்கு 5 தடவைக்குக் கீழே என்றால் பரவாயில்லை, 15-இலிருந்து நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமை.

பக்கத்தில் படுப்பவர்தான் இதற்குச் சாட்சி. கைப்பேசியில் இரண்டு மூன்று நிமிடம் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சு ஏறி இறங்குவது தெரியும்படி எடுக்க வேண்டும், குறட்டைச் சத்தம் மட்டும் போதாது. பகலில் சிக்னலில் நிற்கும்போதே கண் சொருகுகிறதா, காலையில் தலைவலியா, ரத்த அழுத்தம் மருந்துக்கு அடங்கவில்லையா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா என்று டாக்டர் கேட்பார். லாரியும் பஸ்ஸும் ஓட்டுகிறவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் இரண்டு வினாடி கண் மூடினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிகிச்சை இருக்கிறது. காற்றை லேசான அழுத்தத்தில் மூக்கு வழியாகச் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைக்கும் சிபேப் இயந்திரத்தை 1981-இல் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் கொண்டுவந்தார். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், முகமூடி அளவு சரியில்லை என்றால் மாற்றிக் கேளுங்கள், மூலையில் போட்டுவிடாதீர்கள். எடை குறைப்பதும், பக்கவாட்டில் படுப்பதும், இரவில் குடிக்காமல் இருப்பதும் உதவும். எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருந்து டாக்டரிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

சாதாரணக் குறட்டைக்கும் மருந்து மயக்கக் குறட்டைக்கும் வித்தியாசம் கேட்பார்கள். சாதாரணக் குறட்டைக்காரர் தோளைத் தட்டினால் எழுந்து திட்டுவார். மயக்கத்தில் இருப்பவர் எழ மாட்டார், இல்லை கண்ணைத் திறந்து உடனே மூடிக்கொள்வார். சந்தேகம் என்றால் எழுப்புங்கள். தூக்கம் கெட்டால் மறுபடி தூங்கிக்கொள்ளலாம்.

இழுப்பு அடங்கினால் சந்தோஷப்பட வேண்டாம்

ஆஸ்துமாக்காரர் ஒரு மணி நேரமாக விசில் சத்தத்தோடு இழுத்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று சத்தம் அடங்குகிறது, மூச்சும் மெதுவாகிறது, ஆள் சாய்ந்து கண் மூடுகிறார். "அடங்கிடுச்சு, தூங்கட்டும்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பம்ப் அடித்து அடங்கி, முழு வாக்கியம் பேசி, நன்றாக உட்கார்ந்திருந்தால் அது குணம். பேச முடியாமல், தெம்பில்லாமல் அடங்கினால் தசை களைத்துவிட்டது. விசில் சத்தம்கூட வராத அளவுக்குக் காற்று குறைந்துவிட்டது. நின்றுபோவதற்கு முந்தைய கட்டம் அது. புகைமூட்டம் வரும் மாதங்களில் இதைக் கவனமாகப் பாருங்கள்.

நீண்டகாலம் சிகரெட் பிடித்து நுரையீரல் கெட்டவர்களுக்கு இன்னொரு சிக்கல். மூச்சு வாங்குகிறது என்று வீட்டு ஆக்சிஜனை இஷ்டத்துக்குத் திருப்பிவிட்டால் சிலருக்குக் கரியமில வாயு ஏறி மந்தமாகிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 வரை போதும் என்று டாக்டர் சொல்லியிருப்பார். 99 வரவைக்கப் பாடுபட வேண்டாம்.

மூச்சு அல்லாத மூச்சு

இதயம் திடீரென்று நின்றவர் உடனே அசைவில்லாமல் ஆகிவிடுவார் என்று நினைக்காதீர்கள். முதல் சில நிமிடம், கரையில் போட்ட மீன் வாயைத் திறப்பது மாதிரி, எப்போதாவது ஒரு தடவை வாய் பிளந்து 'ஹக்' என்று இழுப்பார். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று சுற்றி நிற்பவர்கள் கத்துவார்கள், கை வைக்க விட மாட்டார்கள். அது மூச்சு இல்லை. எழுப்பினால் எழவில்லை, மூச்சும் ஒழுங்காக இல்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் இன்னொரு கை, முழங்கை மடக்காமல், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சை முழுசாக மேலே வர விடுங்கள். மெத்தையில் செய்தால் மெத்தைதான் அமுங்கும், ஆளைத் தரைக்கு இறக்குங்கள். விலா எலும்பு உடையுமோ என்ற பயம் எல்லாருக்கும் வரும். உடைந்தால் ஒட்டிக்கொள்ளும்.

ஊதத் தெரியாவிட்டால் அழுத்தினால் மட்டும் போதும். ஆனால் தண்ணீரில் மூழ்கியவர், சின்னப் பிள்ளை, மருந்து மயக்கத்தில் போனவர் இந்த மூன்று பேருக்கும் முதலில் நின்றது மூச்சு, இதயம் பிறகுதான். அவர்களுக்கு ஊதுவதும் வேண்டும்: 30 அழுத்தம், 2 ஊதல்.

இன்னும் சில காரணங்கள், சுருக்கமாக

தொண்டையில் அடைப்பு: பேச முடிகிறதா, இருமுகிறாரா பாருங்கள். இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வரவில்லை என்றால் முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே 5 அடி, போகாவிட்டால் பின்னாலிருந்து தொப்புளுக்கு மேலே 5 தடவை உள்ளேயும் மேலேயும் குத்தி அழுத்துவது, மாற்றி மாற்றி. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. முதுகில் 5 தட்டு, பிறகு நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் 5 அழுத்தம். பல் போன தாத்தாவுக்கு லட்டையும் புட்டையும் சின்னதாகப் பிய்த்துக் கொடுங்கள். பிள்ளைக்கு லொங்கானும் திராட்சையும் கொட்டை எடுத்து, நீளவாக்கில் நறுக்கி.

கார்பன் மோனாக்சைடு: பண்டிகைக்கு ஊர் திரும்பும்போது ஓய்விடத்தில் காரை நிறுத்தி, இன்ஜினையும் ஏர்கோனையும் ஓடவிட்டு, கண்ணாடியை முழுசாக ஏற்றித் தூங்குவது. இந்த வாயுவுக்கு மணம் இல்லை, மூச்சுத் திணறலும் தெரியாது, தலைவலியோடு தூக்கம்தான் வரும். ஆக்சிமீட்டர் இதிலும் ஏமாறி நல்ல எண்ணையே காட்டும். ஆளை வெளியே இழுத்துப் போடுங்கள்.

கள்ளச்சாராயம்: 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவால் பல பேர் செத்தார்கள். போதை தெளிந்த மாதிரி இருந்து, மறுநாள் பார்வை மங்கி, வயிறு வலித்து, மூச்சு முதலில் வேகமாகி, பிறகு மங்கும். "ஹேங்ஓவர்" என்று படுக்கவிடாதீர்கள்.

நஞ்சு: பாசாரில் இக்கான் புந்தால் என்று சொல்லும் பேத்தை மீனில் இருக்கும் விஷம் தசைக்குப் போகும் கட்டளையை அறுத்துவிடும். 2023-இல் ஜொகூரில் அதைச் சாப்பிட்ட வயதான தம்பதி இறந்துபோனார்கள். உதடு மரத்துப்போவதில் தொடங்கும். நாகம், கட்டுவிரியன் கடித்தாலும் அதே வழிதான், அங்கே முதலில் இமை தொங்கும். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள், கட்டுவிரியன் கடி வலிக்காமலும் இருக்கும். இவர்களுக்கு நினைவு இருக்கும், நீங்கள் பேசுவதெல்லாம் கேட்கும், பதில் சொல்லத்தான் முடியாது. மருத்துவமனையில் இயந்திரம் அவர்களுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கைக்குழந்தை: தூக்கத்தில் 5 முதல் 10 வினாடி நின்று தொடர்வது சின்னக் குழந்தைக்கு இயல்பு. 20 வினாடி தாண்டினாலோ, நிறம் மாறினாலோ, துவண்டாலோ உடனே மருத்துவமனை. சேலைத் தொட்டிலில் குழந்தையின் தாடை நெஞ்சோடு மடிந்து கிடந்தால் வழி அடைபடும். தூங்கியதும் சமமான, கெட்டியான மெத்தையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள், சுற்றித் தலையணை வேண்டாம். அழுது அழுது மூச்சை அடக்கி நீலமாகி விழும் பிள்ளைகள் தாமாகவே திரும்பிவிடுவார்கள், ஆனாலும் டாக்டரிடம் காட்டி இரும்புச் சத்து குறைவா என்று ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை

மூச்சு இருக்கிறது, நினைவு இல்லை என்றால் ஆளைப் பக்கவாட்டில் திருப்பி, மேல் முழங்காலை முன்னால் மடக்கி, தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து வையுங்கள். வாந்தி வந்தாலும் வெளியே வழியும், நாக்கும் பின்னால் போய் அடைக்காது. தண்ணீர், காப்பி, விபூதித் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். விபூதியை நெற்றியில் பூசுங்கள், நானும் பூசுவேன். கண்ணாடியும் பல்செட்டும் கழன்று ஆடினால் எடுத்துவிடுங்கள்.

999-இல் பேசும்போது முதல் வாக்கியத்திலேயே "மூச்சு சரியில்லை, எழவில்லை" என்று சொல்லுங்கள். நடந்த கதை பிறகு. பதற்றத்தில் மலாய் வராது என்பவர்கள் பிளாக், மாடி, வீட்டு எண், சாலை, பக்கத்தில் இருக்கும் கோயிலோ பள்ளியோ, எல்லாவற்றையும் மலாயில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். ஃபிளேட்டில் இருப்பவர்கள் ஒருவரைக் கீழே அனுப்புங்கள். அவர் காவலுக்கு இருக்கும் ஜாகாவிடம் சொல்லி கேட்டைத் திறந்துவைத்து, லிப்டைப் பிடித்து நிற்க வேண்டும். இதில் மிச்சமாகும் நிமிடங்கள் பெரியவை, மூளை ஆக்சிஜன் இல்லாமல் நாலைந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது.

செயின்ட் ஜோன் ஆம்புலன்ஸும் செம்பிறைச் சங்கமும் முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. பொம்மையின் நெஞ்சில் ஒரு தடவை அழுத்திப் பார்த்தவருக்கு, படித்து மட்டும் தெரிந்துகொண்டவரைவிடக் கை தயங்காமல் போகும். வீட்டுக்கு ஒருவராவது போய் வாருங்கள்.

கடைசியாக, ஆம்புலன்ஸில் ஏறும்போது அவருடைய மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பாட்டில், நாட்டு மருந்துப் பொட்டலம், அடுத்தவர் பெயர் போட்ட மாத்திரை, எதையும் கூச்சப்பட்டு விடாதீர்கள். குப்பைத் தொட்டியையும் பார்த்து, காலி மாத்திரை அட்டைகளையும் பொறுக்கிக்கொள்ளுங்கள். எத்தனை மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்று டாக்டர் கணக்குப் போடுவது அதை வைத்துத்தான்.